கூழ் மணக்கும் நகரம்

ஆடி மாதத்து முதல் நாட் காலையிலே, கொழும்பு வெள்ளவத்தையில் நாம் குடியிருக்கும் மாடிவீட்டின் மூன்றாந் தளத்தில் வறுத்த பயற்றின் மணம் எழுகின்றது. சாளரத்திற்கு வெளியே காலி வீதியின் இரைச்சல். உள்ளே எம் இல்லத்தரசியார் பயற்றைச் சுளகிலே கொட்டித் தோல் போகப் புடைக்கின்றார். அடுப்பு வாயு அடுப்புத்தான், பானையும் மண்பானையன்று. ஆயினும், தேங்காய்ப்பாலும் பனங்கட்டியும் கலந்து கொதிக்கத் தொடங்கியதும், அந்தச் சின்னஞ்சிறு அடுக்களை 400 கிலோமீற்றர் வடக்கே நகர்ந்து யாழ்ப்பாணத்துக்குப் போய்விடுகின்றது.

அவ்வேளையிலேதான் தொலைபேசி ஒலிக்கும். கனடாவிலே ரொறன்ரோ நகரில் வாழும் எம் மகள் பேசுவாள். கோடை காலத்தில் அந்நகரின் கடிகாரம் எம்முடைய கடிகாரத்துக்கு 9½ மணித்தியாலம் பின்னே நிற்கின்றது. இங்கே ஆடி பிறந்துவிட்டபோது அங்கே ஆனியின் கடைசி இரவு. "அப்பா, எந்த ஊர் நேரப்படி நாங்கள் கூழ் காய்ச்சுவது?" என்று ஆண்டுதோறும் கேட்பாள். "உங்களுக்குச் சூரியன் எப்போது உதிக்கின்றதோ, அப்போது காய்ச்சுங்கள், பிள்ளை" என்று நாமும் ஆண்டுதோறும் மறுமொழி கூறுவோம்.

இவ்வாண்டு, ஏழு வயதுப் பேரன் தாயின் கையிலிருந்து தொலைபேசியைப் பறித்துக்கொண்டான். "அம்மப்பா, ஆடி என்கிறவர் யார்? அவருடைய பிறந்தநாளுக்கு ஏன் கேக் வெட்டுகிறதில்லை?" என்று கேட்டான். நாம் வாய்விட்டுச் சிரித்தோம். ஆடி என்பது ஒரு மாதத்தின் பெயர் என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால், ஒரு மாதம் பிறந்ததற்கு ஓர் ஊர் முழுவதும் ஏன் கூழ் குடிக்கவேண்டும் என்று அவன் அடுத்துக் கேட்டால் என்ன சொல்வது? அந்தக் கேள்விக்கு நாமே சரியாக விடை காணவேண்டும் என்று எண்ணியதன் பயனே இக்கட்டுரை.

யாழ்ப்பாணத்தைக் கண்ணாற் காணாத இளைய வாசகர்களுக்கு முதலில் அதன் நிலத்தைச் சற்றே காட்டுவோம். எங்கள் குடாநாட்டிலே ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லை. மலையும் இல்லை. காலுக்குக் கீழே சுண்ணக்கல். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களிலே பெய்யும் மழையை அக்கல் உறிஞ்சித் தன் வயிற்றிலே வைத்துக்கொள்கின்றது. அதைக் கிணற்றின் வழியாக முகந்தே மக்கள் குடித்தனர், தோட்டத்துக்கும் இறைத்தனர். ஆடி மாதமோ சோளகக் காற்று மண்ணை வாரியிறைக்கும் வரண்ட காலம். பனை ஒன்றே அவ்வெயிலிலும் பசுமையாய் நிற்கும்.

நீர் அருமையான ஊரில், பிறருக்குக் குடிக்கக் கொடுப்பதே முதல் உபசாரமாயிற்று. வீட்டுக்கு வந்தவரிடம் எவ்வூர், என்ன காரியம் என்று வினவுமுன் செம்பிலே தண்ணீர் வைப்பர். மூக்குப்பேணி என்றொரு பித்தளைப் பாத்திரம் அங்கே வீடுதோறும் இருந்தது. பேணியின் பக்கத்திலே மூக்குப்போல ஒரு குழல் நீண்டிருக்கும். உதடு படாமல் அண்ணாந்து குடிக்கலாம். இன்று அது கண்ணாடிப் பெட்டியில் அழகுப் பொருளாகிவிட்டது. அந்தப் பேணியைப்பற்றிப் பின்னரும் ஒரு வார்த்தை சொல்லவேண்டியிருக்கின்றது.

எங்கள் ஊரின் விசேட தினங்கள் பலவும் குடிக்கும் பண்டம் ஒன்றைச் சுற்றியே அமைந்தன. சித்திரா பௌர்ணமியன்று கோயில்களிலே சித்திரபுத்திரனார் கதையைப் படித்து முடித்தபின் அடியார்களுக்குச் சித்திரைக் கஞ்சி வார்ப்பார்கள். தாயை இழந்தவர்கள் அன்று விரதம் காப்பர். தந்தையை இழந்தவர்களுக்கு ஆடி அமாவாசை. அன்று கீரிமலைக் கடலில் நீராடி வருவர். அதைத் தொடர்ந்து நல்லூர்க் கந்தசுவாமி கோயிலின் 25 நாள் மகோற்சவம் வரும். அப்போது வீதிகளெங்கும் தண்ணீர்ப் பந்தல்கள் எழும். மோரும் சர்க்கரைத் தண்ணீரும் தேசிக்காய்த் தண்ணீரும் கேட்பவர்க்கும் கேளாதவர்க்கும் கிடைக்கும். பந்தலில் நின்று வார்ப்பதற்குச் சிறுவர்களாகிய நாம் ஒருவரோடொருவர் சண்டையிட்டதும் உண்டு.

இவற்றிலெல்லாம் சிறுவர்களுக்கு மிக உவப்பானது ஆடிப்பிறப்பே. ஆடி முதல் நாளைத் தட்சிணாயனத்தின் தொடக்கம் என்று பஞ்சாங்கம் கூறும். தங்கத் தாத்தா என்று எம்மவர் அன்போடு அழைக்கும் நவாலியூர்ச் சோமசுந்தரப் புலவர் (1878–1953) இந்நாளைப்பற்றிச் சிறுவர்களுக்கென ஒரு பாட்டுப் பாடினார். யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் எழுத்துக் கூட்டி வாசிக்கப் பழகுமுன்னரே அப்பாட்டை மனப்பாடஞ் செய்துவிடுவார்கள். எம் பேரனும் அதன் முதலடியை அறிவான், பொருளை அறியான்.

கூழ் காய்ச்சும் முறையையும் கூறுகின்றோம். வேற்றூரில் இருக்கும் பிள்ளைகள் வெட்டி வைத்துக்கொள்ளலாம். பயற்றை மணம் வருமட்டும் வறுத்து, தோல் நீக்கி, நன்கு அவித்துக்கொள்ளவேண்டும். வறுத்த பச்சையரிசி மாவிலே ஒரு பகுதியைக் கொதிநீர் விட்டுப் பிசைந்து சிறு உருண்டைகளாய் உருட்டி அதிலே இட்டு வேகவிடவேண்டும். தேங்காயிற் பாதியைப் பிழிந்து பாலாக்கி, மீதியைப் பல்லுப் பல்லாய்ச் சொட்டுப் போட்டுக்கொள்ளவேண்டும். பனங்கட்டியை நீரிலே கரைத்து, மண் போக வடித்து ஊற்றவேண்டும். எஞ்சிய மாவைத் தேங்காய்ப்பாலிற் கட்டியில்லாமற் கரைத்துச் சிறிது சிறிதாக வார்த்து, கை ஓயாமல் அகப்பையாற் துழாவவேண்டும். இறுதியில் மிளகு, சீரகம், ஏலக்காய் ஆகியவற்றின் பொடி. ஒரு சிட்டிகை உப்பு. உப்பை மறந்தால் இனிப்பு எடுபடாது என்பது எம் அன்னையார் சொல்லும் பாடம்.

குடிப்பதற்குக் கரண்டி வேண்டியதில்லை. பலாவிலையை மடித்து ஈர்க்கினாற் குத்தினால் அதுவே கரண்டி. சூடான கூழ் பட்டதும் இலையிலிருந்து எழும் பச்சை வாசனை கூழின் சுவையோடு சேர்ந்துகொள்ளும். கொழும்பிலே பலாவிலைக்குப் பஞ்சமில்லை. ரொறன்ரோவில் எம் மகள் கடதாசிக் குவளையிலே வார்க்கின்றாள்.

முதல் அகப்பை சுவாமிக்கு, இரண்டாவது அயலுக்கு. அக்காலத்தில் வீடுகளுக்கு மதில் இல்லை, கிடுகு வேலிதான். வேலியிலே ஆள் நுழையுமளவுக்கு ஒரு பொட்டு இருக்கும். அதன் வழியே எங்கள் கூழ் அடுத்த வீட்டுக்குப் போகும். அவர்கள் கூழ் எங்கள் வீட்டுக்கு வரும். இரண்டும் ஒரே கூழ்தானே, எதற்கு மாற்றிக்கொள்ளவேண்டும் என்று ஒருமுறை அன்னையாரிடம் கேட்டோம். "அவள் வீட்டுக் கூழிலே மிளகு கொஞ்சம் கூட. போய்ச் சொல்லாதே" என்றார்.

இனிப்பான இக்கூழுக்கு உறைப்பான தமக்கை ஒருத்தி உண்டு. அவளே ஒடியற்கூழ். பனங்கிழங்கைப் பிளந்து உலர்த்தினால் ஒடியல்; அதை இடித்த மாவோடு மீன், நண்டு, இறால், மரவள்ளிக்கிழங்கு, பயற்றங்காய், பலாக்கொட்டை, முருங்கையிலை யாவும் சேர்த்து, செத்தல் மிளகாயும் பழப்புளியும் கரைத்துப் பெரும் பானையிலே காய்ச்சுவர். இதற்கென்று பஞ்சாங்கம் நாள் குறிக்கவில்லை. உறவினர் பத்துப் பேர் கூடும் நாளே ஒடியற்கூழ் நாள். முற்றத்திலே வட்டமாய் அமர்ந்து, பனையோலையைக் கோலிய பிளாவிலே வாங்கி, மூக்கிலும் கண்ணிலும் நீர் வழியக் குடித்த அந்தச் சுகத்தை எழுத்திலே கொண்டுவருதல் அரிது.

இத்தனைக்கும் அடியிலே நிற்பது பனை. பாளையைச் சீவிக் கட்டிய முட்டியின் உட்புறத்திலே சுண்ணாம்பு தடவினால், இறங்குவது புளிக்காத கருப்பநீர், தடவாவிட்டால் கள். கருப்பநீரைக் காய்ச்சி இறுக்கி ஓலைக் குட்டானிலே வார்த்தால் பனங்கட்டி. விடியுமுன் மரத்துக்கு மரம் ஏறி இறங்கும் சீவற்றொழிலாளியின் கைகால்களிலே காய்த்துப்போன தழும்புகள் இருக்கும். அவர் ஏறாவிடின் எங்கள் ஆடிக்கூழிலே இனிப்பில்லை.

இங்கேதான் நாம் பேனாவைச் சற்று நிறுத்தவேண்டியவர்களாகின்றோம். தொலைவிலிருந்து ஊரை நினைப்பவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. இனியவற்றையெல்லாம் எடுத்துத் துடைத்து வைத்துக்கொள்வோம். மற்றவற்றை வேலிக்கு அப்பால் விட்டுவிடுவோம். எமது வீட்டுக்குப் பனங்கட்டியும் கருப்பநீரும் கொண்டுவந்த முதியவர் ஒருவர் இருந்தார். ஆடிப்பிறப்பன்று அவருக்கும் கூழ் உண்டு. ஆனால், அவர் முற்றத்துக்கு வந்து எங்களோடு அமர்ந்ததில்லை. படலைக்கு அருகிலே குந்தியிருப்பார். எம் அன்னையார் கூழை உயரத் தூக்கிச் சிரட்டையிலே வார்ப்பார். குடித்து முடித்ததும் அச்சிரட்டையை அவர் வேலிக்கு வெளியே எறிந்துவிட்டுப் போவார். மூக்குப்பேணி அவருக்கு இல்லை, பலாவிலையும் இல்லை. ஏன் என்று கேட்டபோது, "அது அப்படித்தான்" என்ற விடை கிடைத்தது. கூழிலே மிளகு கூடியதை நுட்பமாய் அறிந்த அன்னையாருக்கு இதற்கு வேறு விடை தெரியவில்லை.

எம் வீடு மட்டுமன்று. ஊரே அப்படித்தான் இருந்தது. கிணற்றிலே அள்ளுவதற்கும், தேநீர்க் கடையிலே மற்றவர்களோடு சமமாய் இருந்து குடிப்பதற்கும், கோயிலுக்குள் நுழைவதற்கும் ஒரு பகுதி மக்கள் போராடவேண்டியிருந்தது. 1957இல் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் வந்தது. சட்டம் வந்தபின்னரும் 1960களில் தேநீர்க் கடைகளுக்கும் கோயில்களுக்கும் முன்னே போராட்டங்கள் நடந்தன. அம்மக்களின் வாழ்வை எழுதிய கே. டானியல் தம் நாவல்களுள் ஒன்றுக்குத் 'தண்ணீர்' என்றே பெயரிட்டார். உபசாரத்துக்குப் பெயர்பெற்ற ஊரிலே தண்ணீரே வழக்காய் இருந்தது என்பதை அப்பெயர் எமக்கு நினைவூட்டுகின்றது.

இன்னொரு கஞ்சியையும் கூறவேண்டும். யாழ்ப்பாண நகரத்தின் சோனகத் தெருவிலே எம் தந்தையாரின் நண்பர் ஒருவர் வாழ்ந்தார். நோன்பு மாதத்திலே மாலைவேளையில் அவர் வீட்டிலிருந்து தூக்குச்சட்டியிலே கஞ்சி வரும். உள்ளியும் தேங்காய்ப்பாலும் மணக்கும். ஆடிப்பிறப்பன்று அதே தூக்குச்சட்டியிலே எங்கள் கூழ் திரும்பிப் போகும். 1990ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆந் தேதி, விடுதலைப் புலிகளின் கட்டளையால், நகரத்து முஸ்லிம் மக்கள் அனைவரும் சில மணி நேரத்துள் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டனர். அந்நண்பரின் குடும்பமும் போயிற்று. நாம் அன்று வீட்டினுள் இருந்தோம். வீதிக்கு வந்து ஒரு சொல்லேனும் சொன்னோமில்லை. அச்சம் என்று பின்னர் பலமுறை எமக்கு நாமே சமாதானம் கூறிக்கொண்டோம்.

அதன்பின் சரியாய் ஐந்து ஆண்டுகள் கழிந்தன. 1995ஆம் ஆண்டு, அதே ஒக்டோபர் 30ஆந் தேதி, போர் நெருங்கி வந்தபோது, வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் ஓரிரவிலே நடந்து தென்மராட்சி நோக்கிப் போயினர். மழையிலே, செம்மணி வெளியைத் தாண்டிச் செல்லும் வீதியிலே, அடிமேல் அடிவைத்து நகர்ந்த கூட்டத்தில் நாமும் இருந்தோம். மகள் தாகமென்றாள். கையிலே தண்ணீர் இல்லை. குடையைத் தலைகீழாய்ப் பிடித்து மழைநீரை ஏந்திக் கொடுத்தோம். சோனகத் தெரு நண்பர் எப்படிப் போயிருப்பார் என்பது அன்றுதான் எமக்கு விளங்கிற்று.

சில ஆண்டுகள் சென்றபின், நோன்பு மாதம் ஒன்றிலே புத்தளத்தில் அவரைக் கண்டோம். எங்கள் மௌனத்தைப்பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. நோன்பு திறக்கும் நேரமாதலால் கஞ்சியை எம்முன்னே வைத்தார். "குடியுங்கோ தம்பி. சாமான் எல்லாம் அதே சாமான்தான். தண்ணிதான் எங்கட ஊர்த் தண்ணியில்லை" என்றார். ஊரை விட்டுத் தொலைவிலிருந்து ஊரைக் கொண்டாடுபவர்கள் கனடாவிலும் இலண்டனிலும் மாத்திரம் இருக்கிறார்கள் என்று எண்ணியிருந்த எமக்கு, அந்தக் கஞ்சி தொண்டையிலே இறங்கச் சற்று நேரமாயிற்று.

கொண்டாட்டம் என்று சொல்லமுடியாத ஒரு கஞ்சியும் இப்போது எம்மவரிடையே உண்டு. 2009ஆம் ஆண்டு வன்னியில் போரின் இறுதி நாட்களிலே, அரிசியும் உப்பும் நீருமாய்க் காய்ச்சிய கஞ்சிக்கு மக்கள் வரிசையில் நின்றனர். அதை நினைந்து மே மாதத்திலே முள்ளிவாய்க்கால் கஞ்சி காய்ச்சி வழங்குகின்றனர். அதிலே பாலில்லை, இனிப்பில்லை. இல்லாதிருப்பதே அதன் பொருள்.

1990இல் நின்றுபோன யாழ்தேவிப் புகைவண்டி 2014ஆம் ஆண்டு ஒக்டோபரிலே மீண்டும் யாழ்ப்பாணம் வரை சென்றது. 2018ஆம் ஆண்டு ஆடிப்பிறப்புக்கு நாமும் இல்லத்தரசியாரும் அதில் ஏறிச் சென்றோம். ஆனையிறவைக் கடந்து, பரவைக் கடலின் உப்புக் காற்று முகத்திலே அடித்தபோது இருவரும் பேசவில்லை. ஊரிலே எங்கள் வீட்டின் கூரை போயிருந்தது. கிணறு மட்டும் தெளிந்த நீரோடு இருந்தது. கிடுகு வேலி நின்ற இடத்திலே சீமெந்து மதில். பொட்டு இல்லை. மிளகு கூடிய கூழ் காய்ச்சிய அயல் வீட்டார் பிரான்சிலே இருப்பதாகக் கேள்வி. கிணற்றுக்கட்டிலே அமர்ந்திருந்தோம்.

அப்போது ஒரு பெண்மணி படலையைத் திறந்துகொண்டு வந்தார். பக்கத்துப் பாடசாலையில் ஆசிரியை. சிரட்டையிலே கூழ் வாங்கிக் குடித்த அந்த முதியவரின் பேர்த்தி அவர் என்பதைப் பேச்சினிடையே அறிந்தோம். "ஆடிப்பிறப்பும் அதுவுமாய் வெறுங்கிணற்றைப் பார்த்துக்கொண்டு இருக்கிறீர்களே, ஐயா. அம்மாவையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள்" என்று அழைத்தார். போனோம். கூடத்திலே இருத்தி, பெரிய கிண்ணங்களிலே கூழ் வார்த்தார். முற்றத்துப் பலாவிலே இலை பறித்து மடித்துத் தந்தார். அவருடைய வீட்டுப் பனங்கட்டி, தகப்பனார் காய்ச்சியதாம். நாம் குடித்த கூழ்களிலே அது சிறந்ததா என்று கேட்டால், சொல்லத் தெரியவில்லை. முதல் மடக்கு உப்புக் கரித்தது. கண்ணீர் விழுந்திருக்கவேண்டும்.

அவருடைய பாட்டனாரைப்பற்றி நாம் பேசத் தொடங்கினோம், சொற்கள் தடுமாறின. அவர் குறுக்கிட்டு, "அப்பு எல்லாம் சொல்லியிருக்கிறார், ஐயா" என்றார். மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. நாமும் அதை எதிர்பார்க்க உரிமையுடையோமல்லோம். இன்னும் ஓர் அகப்பை வார்த்தார். அவ்வளவுதான்.

இவ்வாண்டு பேரனுக்கு நாம் சொன்ன விடை இதுவே: "ஆடி என்பது ஆள் அன்று, ராசா, மாதம். அது பிறக்கும்போது எங்கள் ஊரிலே எல்லாரும் எல்லாருக்கும் கூழ் கொடுக்கவேண்டும். முன்னர் நாங்கள் சிலருக்கு ஒழுங்காய்க் கொடுக்கவில்லை. நீ சரியாய்க் கொடு." அவன் சற்று யோசித்து, "பக்கத்து வீட்டுப் பிலிப்பைன்ஸ்காரப் பையனுக்கும் கொடுக்கலாமா? அவனுக்குப் பயறு பிடிக்குமோ தெரியாது" என்றான். கொடுத்துப் பார்க்கச் சொன்னோம்.

தொலைவிலிருந்து ஊரைக் கொண்டாடும் அன்பர்களுக்கு நாம் கூறவிரும்புவது சிறிதே. கூழைக் காய்ச்சுங்கள், புலவரின் பாட்டைப் பிள்ளைகளுக்குப் பொருளோடு சொல்லிக்கொடுங்கள். படலைக்கு வெளியே குந்தியிருந்தவரையும், தூக்குச்சட்டியோடு வந்து போனவரையும் அந்தக் கதையிலே சேர்த்தே சொல்லுங்கள். பானையையும் உங்கள் வீட்டுக்கு வேண்டியதைவிடச் சற்றுப் பெரிதாகவே ஏற்றுங்கள்.

மறுநாட் காலை மகளிடமிருந்து செய்தி வந்தது. பிலிப்பைன்ஸ் நாட்டுப் பையன் இரண்டு குவளை குடித்தானாம். அவன் தாயார் மூன்றாவதை வீட்டுக்குக் கேட்டு வாங்கிப் போனாராம். குவளை திரும்பி வந்தபோது வெறுமையாய் வரவில்லை. அவர்கள் நாட்டு அரிசிப் பலகாரம் இரண்டு துண்டு அதில் இருந்ததாம்.